கோட்டைக்காரருக்கு வைத்த முகம்

மாசி பிறந்தால் அக்கா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரமாட்டாள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் வழியெல்லாம், மேம்பாலத் தூண்களிலும் டீக்கடைக் கூரைகளிலும் கட்டியிருக்கும் பேனர்களில் அவள் புருஷன் தலைப்பாகை கட்டிக்கொண்டு, வாள்மேல் கை ஊன்றி நிற்பார். கழுத்தில் மாலை இருக்கும். சில ஊர்களில் அச்சடித்த மாலை, சில ஊர்களில் நிஜச் சாமந்தி. நிஜமான புருஷன் பக்கத்து சீட்டில் மல்லாட்டை உரித்துக் கடலையைத் தின்றுகொண்டிருப்பார். ஒவ்வொரு பேனருக்கும் கழுத்தைத் திருப்புவார். "இவனுங்க இன்னும் போன வருஷத்து பேனரையே கட்டிக்கினு இருக்கானுங்க, கலரே போச்சு" என்பார். அக்கா எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு வருவாள்.

பேனரில் இருப்பவரை எங்கள் பக்கத்தில் கோட்டைக்காரர் என்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில், மேல்மலையனூருக்குப் போகும் வழியில் ஒரு மண்கோட்டையை வைத்துக்கொண்டு, வரி கேட்டு வந்த குதிரைப்படையைத் திருப்பி அனுப்பியவர் என்பது கதை. கோட்டை இருந்த இடத்தில் இப்போது கரும்பு நிற்கிறது. ஒரு ஏரி மதகுக் கல்லில் அவர் பெயரும், அவர் கோயிலுக்கு விட்ட நிலத்தின் நான்கு எல்லைகளும் இருக்கின்றன. ஆதாரம் என்று கையில் இருப்பது அவ்வளவுதான். அவர் உயரமா குள்ளமா, மீசை வைத்திருந்தாரா என்று அந்தக் கல் சொல்லவில்லை. விழுப்புரத்தில் மாவட்டச் செய்தியாளனாக வேலை பார்த்த வருஷங்களில் அந்தக் கல்லை நான் இரண்டு முறை போய்ப் பார்த்திருக்கிறேன். நிலத்தின் கிழக்கு எல்லை தெளிவாக இருந்தது. முகம் இல்லை.

கேமரா வருவதற்கு முன் இறந்துபோனவர்களுக்கு முகம் வைப்பது பின்னால் வந்தவர்களின் வேலை. அலுவலகத்தில் படக் கோப்புகளைப் புரட்டும்போது கவனித்திருக்கிறேன். பழைய நூற்றாண்டுத் தலைவர்கள் பலருக்கும் ஒரே தோள், ஒரே நெஞ்சு, நகையும் தலைப்பாகையும்தான் மாறும். முதலில் வரைந்த படம் எதுவோ அது நின்றுவிடுகிறது. அடுத்து வரைபவர் கல்லைத் தேடிப் போவதில்லை. முதல் படத்தைப் பார்த்து வரைகிறார். மூன்றாவது ஆள் இரண்டாவதைப் பார்க்கிறார். பத்து வருஷத்தில் அதுதான் அவர்.

கோட்டைக்காரருக்கு அந்த முதல் படம் வேண்டும் என்று, மாசியில் அவர் நினைவு நாளை நடத்தும் விழாக் குழு முடிவு செய்தபோது, குழுவின் செயலாளர் தினமும் திண்டிவனம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். விழுப்புரத்தில் அவருக்குச் சொட்டுநீர்க் குழாய்க் கடை. அந்த பஸ்ஸின் கண்டக்டர் என் அக்காள் புருஷன். படியில் தொங்கிய ஆறேழு பேரை மாமா ஒரே தள்ளில் உள்ளே தள்ளியதைச் செயலாளர் பார்த்திருக்கிறார். "இந்தத் தோளு போதும்" என்றாராம் அங்கேயே.

மாமா இரண்டு நாள் லீவு போட்டார். திண்டிவனத்தில் கட்-அவுட் வரையும் ஓவியர் ஒருவரின் தகரக் கொட்டகையில், தலையில் குளியல் துண்டைச் சுற்றிக்கொண்டு, வாளுக்குப் பதிலாகக் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். அடுத்த மாசியில் விழுப்புரத்தில் படத்தைத் திறந்தார்கள். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த மாமாவைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. "அட, நம்ம கண்டக்டரு மூஞ்சிய்யா!" என்று யாரோ சொன்னார்கள். மாமா அழுதார். ஓவியரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

அப்போது மாமாவுக்குப் பென்சில் கோடு மாதிரி ஒரு மீசைதான் இருந்தது. படத்தில் இருந்தது முறுக்கு மீசை. இரண்டு மாதத்தில் மாமா அதை வளர்த்துவிட்டார். முடியைப் படத்தில் இருப்பது போலப் பிடரிவரை விட்டார். டிக்கெட் கிழிக்கும்போது கொஞ்சம் நிமிர்ந்து நிற்கவும் ஆரம்பித்தார். ஆக, சில மாதங்களில் யாருக்கும் சந்தேகமே வராதபடி ஆனது.

காலேஜ் பையன்கள் விடமாட்டார்கள்.

"மச்சி, வரி கட்டமாட்டேன்னு சண்டை போட்டவரு நம்மகிட்ட டிக்கெட் கேக்கறாரு பாரு."

"நானும் மாட்டேன்னுதான் சொன்னேன், டிப்போ மேனேஜர் ஒத்துக்கல" என்பார் மாமா. "எடு காசு, ஜல்தி."

அக்காவுக்கு இதில் ஒன்றும் சிரிப்பு வந்ததில்லை. திறப்பு விழாவில் படத்துக்கு மாலை விழுந்ததுமே அவள் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள். எங்கள் வீடுகளில் இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்த விஷயம். படத்துக்கு மாலையும் குங்குமமும் வைத்து, மேலே சின்னச் சிவப்பு பல்பு எரிந்தால், அந்த ஆள் இல்லை என்று அர்த்தம். கல்யாணப் படத்தில்கூட மாலை ஆளின் கழுத்தில் இருக்கலாம், படச் சட்டத்தின் மேல் இருக்கக்கூடாது. எங்கள் பத்திரிகையிலும் அதே விதிதான். உயிரோடு இருப்பவர் படத்தைக் கறுப்புக் கட்டத்துக்குள் போட்டுவிட்டால் அடுத்த நாள் வாசலில் ஆள் நிற்பார்கள். ஒவ்வொரு நினைவு நாளன்றும் சாயங்காலம் அக்கா மாமாவைக் கிழக்குப் பார்த்து உட்காரவைத்து, உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவாள். மாமா சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். இப்படியே பதினைந்து வருஷம் போல ஓடிவிட்டது.

போன மாசிக்கு முன்னால் மாமாவுக்கு நெஞ்சில் அடைப்பு என்றார்கள். மூன்று இடத்தில். மாமா ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பைபாஸ் செய்யத் தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதியை வாங்கிக்கொண்டு வந்த அக்கா, வீட்டில் காலண்டரைப் பார்த்திருக்கிறாள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் கோட்டைக்காரர் நினைவு நாள்.

உடனே எனக்குப் போன் வந்தது.

"தம்பி, இந்த வருஷம் மட்டும் அந்தப் படத்துக்கு மாலை போட வேணாம்னு சொல்லுடா. நீ சொன்னா கேப்பானுங்க."

"அக்கா, அது வெறும் படம்."

"உனக்கு வாய் இருக்குது, பேசற. தாலி எங்கிட்ட இருக்குது."

ஆஸ்பத்திரியில் தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். மாற்றினால் சித்திரை தாண்டும், அதுவரை தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார்கள். அந்த வாரம் நான் ஓரிடத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்ததாக ஞாபகம் இல்லை. வீட்டில் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவேன். போன் அடிக்கும் முன்பே எடுத்துப் பார்ப்பேன். பைக்கில் பெட்ரோல் போட்ட பங்க்கிலேயே மறுபடி போய் நின்றேன்; "காலைலதானே சார் ஃபுல் பண்ணீங்க" என்றாள் அங்கிருந்த பெண்.

முதலில் செயலாளரிடம் போனேன். குழாய்க் கடையில் கறுப்புச் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்து, இரண்டு போனில் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா ரிப்போர்ட்டரே, மாலை இல்லாம நினைவு நாளா? மைக் செட் இல்லாத கட்சிக் கூட்டமா பண்ணச் சொல்ற?"

"ஒரு வருஷம்தான். பூ தூவிட்டுப் போகட்டும்."

"மந்திரி வர்றாரு. மூணு மாடி ஒசரத்துக்கு கட்-அவுட் வெக்கறோம். மாலையே ஒரு லாரி. கையால போட முடியாதுன்னு கிரேன் சொல்லியிருக்கோம்."

"கிரேனா?"

"இந்த வருஷம் கிரேன்." சொல்லும்போது அவருக்கே முகம் மலர்ந்தது.

இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். பிறகு, முகத்தையாவது கொஞ்சம் மாற்றிப் போடலாமே என்றேன்.

"முகத்தை மாத்தறதா? நம்ம பயலுவோ அந்த முகத்தைத் தோள்ல பச்சை குத்திக்கினு திரியறானுங்க. அதை எந்த ரப்பரால அழிக்கிறது? இத பாரு, உங்க மாமா அவர மாதிரி இருக்காரு. அதுக்கு அவரு இன்னா பண்ணுவாரு?"

"அவருதான் மாமா மாதிரி இருக்காரு. நீங்கதானே கூட்டிக்கினு போய் நிக்க வெச்சீங்க?"

செயலாளர் அதை மறந்திருந்தார் என்றே நினைக்கிறேன். போனைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கண்டக்டருக்கு இன்னா பண்ணுது? ரொம்ப முடியலையா?" என்று கேட்டார். ரத்தம் வேண்டுமானால் பையன்களை அனுப்புவதாகச் சொன்னார். சொன்னபடி அடுத்த நாளே ஒரு வேன் நிறைய அனுப்பவும் செய்தார். அதில் பாதிப் பேரை ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்; சமீபத்தில் பச்சை குத்தியவர்களிடம் ரத்தம் எடுக்கமாட்டார்களாம். மாலை விஷயத்தில் மட்டும் அவர் இறங்கி வரவில்லை.

மிச்சம் இருந்தது ஓவியர். கட்-அவுட்டுக்கான படம் அவரிடமிருந்துதான் போகிறது. இப்போது வரைவது கிடையாது. தகரக் கொட்டகை இருந்த இடத்தில் கட்டடம் வந்து, உள்ளே பேனர் அடிக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் போனபோது அதன் வாயிலிருந்து ஒரு காதுகுத்துக் குழந்தையின் முகம் அங்குலம் அங்குலமாக வெளியே வந்துகொண்டிருந்தது. என் திட்டம் சின்னது. கோட்டைக்காரருக்கு ஒரு தாடி வைத்துவிடச் சொல்வது. நிறைய தாடி. ஆள் அடையாளம் தெரியாத அளவுக்கு.

ஓவியர் ஐம்பது தாண்டியவர். நான் சொல்லி முடிக்கும்வரை மவுசிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார்.

"உங்க மாமா மூஞ்சிக்கு எதுக்கு சார் தாடி? அவரு மூஞ்சிய நான் எங்க வரைஞ்சேன்?"

எனக்குப் புரியவில்லை.

"ரெண்டு நாளு வந்து நின்னாரு, வாஸ்தவம். தோளு எடுத்தேன். கையி எடுத்தேன். கால வெச்சு நிக்கிற நிலை அவருதுதான். மூஞ்சி எங்க குடுத்தாரு? ரோட்ல போறவன் வர்றவன் எல்லார்கிட்டயும் பேச்சு. செஞ்சி வண்டி எத்தினி மணிக்குன்னு ஒருத்தர் கேட்டா, கடலூர் வண்டி வரைக்கும் சொல்றாரு. ஒரே பேஜாரு. ஆனா அது காரணம் இல்ல."

"பின்னே?"

"இது மாலை போடற படம் சார். உயிரோட இருக்கிற ஆளு மூஞ்சிய அதுல வெக்கமாட்டேன். எங்கிட்ட வேலை கத்துக்கினவன் எவனும் வெக்கமாட்டான். செத்துப்போனவங்களுக்கு முகம் கேட்டா, செத்துப்போனவங்க முகத்தைத்தான் குடுப்போம். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

பிறகு நாற்காலியைத் திருப்பி, எனக்குப் பின்னால் சுவரைக் காட்டினார். ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பிளாஸ்டிக் சந்தன மாலை. மேலே சிவப்பு பல்பு.

"எங்கப்பா" என்றார்.

பழைய குழுப் படங்களில் ஆளை அடையாளம் காண வேண்டுமென்றால் காதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மீசை மாறும், முடி கொட்டும், கன்னம் ஒட்டும். காது அப்படியே இருக்கும். சுவரில் இருந்தவருக்கு நீளமாகத் தொங்கும் காது மடல். பேனரில் கடுக்கன் போட்டிருக்கும் அதே மடல். மாமாவுக்கு மடல் என்றே ஒன்று கிடையாது; காது கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு முடிந்துவிடும். மூக்கையும் பார்த்தேன். புருவத்துக்கு நடுவில் இருந்த குழியைப் பார்த்தேன். சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஊரே மீசையைத்தான் பார்த்திருக்கிறது. நானும்தான்.

"ஏன் இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லல?"

"தெறப்பு விழாவுல உங்க மாமா என் கையப் புடிச்சிக்கினு அழுவறாரு. இன்னான்னு சொல்றது? நீங்க இல்லன்னா? நாளைக்கு சொல்லலாம், நாளைக்கு சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவரு மீசைய வளத்துட்டாரு."

சுவரில் இருந்த படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். திண்டிவனத்திலிருந்து நேராகப் புதுச்சேரி போயிருக்கலாம். விழுப்புரத்துக்கு வந்தேன். மறுநாள் காலையில் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளம்பினேன். கண்டமங்கலத்தில் நிறுத்தி டீ சொன்னேன். பாதி குடித்துவிட்டுப் போனை எடுத்து அந்தப் பெரியவரைப் பார்த்தேன். மீதி டீயைக் கொட்டிவிட்டுக் கிளம்பினேன். அக்காவிடம் சொன்னால் அவளுக்கு ஒரு வாரமாக இல்லாத தூக்கம் வரும். ஆனால் அவளிடம் சொல்வது மாமாவிடம் சொல்வது மாதிரிதான். அந்த வீட்டில் ரகசியம் இரண்டு மணி நேரம் தங்காது. நெஞ்சைத் திறக்கப் போகிற ஆளிடம், அதற்கு இரண்டு நாள் முன்னால், அது நீ இல்லை என்று யார் சொல்வது? இரண்டு பேருக்கும் நல்லதாக ஒரு செய்தியை எழுதத் தெரியவில்லை எனக்கு.

மாமாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியின் வராந்தாவில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்கும் எக்ஸ்ரே உறையும். என்னைப் பார்த்ததும், "ஒத்துக்கினானுங்களா?" என்றாள். நான் போனைக் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். காதைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். பிளாஸ்கை பெஞ்சில் வைத்துவிட்டு, போனில் இருந்தவருக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

"இத்தினி வருஷமா எல்லா மாலையும் இந்தப் பெரியவருக்கா போச்சு?"

"ஆமாம்."

"நல்லா இருக்கட்டும்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். சட்டென்று என் கையைப் பிடித்தாள். "உங்க மாமாகிட்ட வாயத் தொறக்காத."

"ஏன் அக்கா?"

"அந்த ஆளுக்கு வேற இன்னாடா இருக்குது? பஸ்ல நின்னாரு, கால் வீங்குச்சு. சக்கரை வந்துச்சு. ரிட்டயர் ஆனாரு. இது ஒண்ணுதான் அவருக்கு. எனக்குத் தெரிஞ்சா போதும்."

அன்று மத்தியானம் அக்கா முதல் முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டாள். கேன்டீனில் இரண்டாவது முறை குழம்பு கேட்டாள். எனக்குத்தான் இறங்கவில்லை.

நினைவு நாளன்று சாயங்காலம் நாலு மணிக்கு வார்டுக்கு ஒரு ஆள் சவரக் கத்தியோடு வந்தார். ஆபரேஷனுக்கு முன் நெஞ்சில், காலில் முடி எடுக்க வேண்டும். எல்லாம் எடுத்துவிட்டு மீசைக்கு வந்தார்.

"இதையும் எடுக்கணுங்க. வாயில டியூப் வெச்சு மேல பிளாஸ்டர் ஒட்டுவாங்க."

"அது நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றார் மாமா. "இன்னிக்கு நினைவு நாளு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

கத்தி அப்படியே நின்றது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "வாயக் கழுவுங்க!" என்று அக்கா கத்தினாள். நர்ஸ் ஓடி வந்துவிட்டாள். மாமா தான் சொன்னதைத் தானே கேட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மீசை போனது. மேலுதடு வெளுப்பாக, சின்னதாக இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது எனக்கு. அக்காவின் கல்யாணத்தன்று என்னை மடியில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டவரின் முகம்.

ஐந்தரைக்கு யாரோ விழாவைப் போனில் நேரடியாகக் காட்டும் லிங்க்கை அனுப்பினார்கள். மாமா வேண்டாம் என்று சொல்லவில்லை; தலையணையைச் சாய்த்துக்கொண்டு பார்க்க உட்கார்ந்தார். மைதானம் நிறையக் கூட்டம். கட்-அவுட் செயலாளர் சொன்ன உயரம்தான். மந்திரி வந்தார். தவில் சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. கிரேன் மாலையைத் தூக்கியது. சிவப்பும் மஞ்சளுமாக, ஒரு தென்னை மரத்தின் பருமனில், மெதுவாக மேலே போனது.

மாமாவின் கை கட்டில் கம்பியைப் பிடித்தது.

"அணைச்சிடு மச்சான்."

அணைப்பதற்கு எனக்கு விரல் ஓடவில்லை. கட்டில் தலைமாட்டில் நாடித்துடிப்பைக் காட்டும் மெஷினில் எண் ஏறிக்கொண்டே போனது.

"அணைடா! வேணாம். நான் செயலாளருக்கு ரெண்டு நாளா போன் போடறேன். இந்த வருஷம் மாலை வேணாம்னு சொல்லத்தான். எடுக்கல அந்த ஆளு." மூச்சு வாங்கினார். "இவளுக்குத் தெரிஞ்சா பயந்துடுவான்னு சொல்லல..."

அக்கா கட்டிலின் மறுபக்கம் நின்றுகொண்டிருந்தாள். பதினைந்து வருஷமாக உப்பு சுற்றும்போது சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆள் இவர். அக்கா என்னைப் பார்த்தாள். வராந்தாவில் என்னிடம் சொன்னதை அவள் மறந்திருக்க முடியாது. என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அது நீங்க இல்லீங்க" என்றாள்.

"இன்னாது?"

"அந்த மூஞ்சி. நீங்க இல்ல. பெயிண்டரோட அப்பா. செத்துப்போய் எத்தினியோ வருஷம் ஆவுது. பாருங்க." கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினாள். "காதப் பாருங்க. உங்களுக்கு இந்தக் காதா?"

மாமா பார்த்தார். தன் காதைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு காதையும். போனில் முன் கேமராவைத் திருப்பச் சொல்லி, மீசையில்லாத தன் முகத்தைப் பார்த்தார். மறுபடி பெரியவரைப் பார்த்தார். மெஷினில் எண் நூற்றுப் பத்தில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து நூற்று நாலு. நான் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"எப்போ தெரியும் உனக்கு?"

"நேத்து."

"சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன்."

"அப்போ நான் யாரு அதுல?" குரல் சின்னதாக இருந்தது.

"தோளு நீங்கதான். கையும் நீங்கதான். வாளப் புடிச்சிக்கினு நிக்கிற நிலை இருக்குது பாருங்க, அது உங்களத் தவிர வேற எவனுக்கும் வராதுன்னு சொல்லியிருக்காரு பெயிண்டரு."

ஓவியர் அப்படிச் சொல்லவில்லை. நான் திருத்தவில்லை.

மாமா யோசித்தார். "மாலை விழறது தோள்லதானேடி?"

அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து மாமா சிரித்துவிட்டார். சிரித்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "சும்மா சொன்னேன். தோளு இருக்கிறவனெல்லாம் சாவறதா இருந்தா ஊர்ல யாரு இருப்பா?" என்றார்.

அடுத்த நாள் காலை அவரை உள்ளே கொண்டுபோனார்கள். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அதில் நான் எழுத ஒன்றும் இல்லை. கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு நினைவில் நிற்பது முந்தின நாளின் மிச்ச நேரம்.

"போடு அந்த போன" என்றார் மாமா.

மந்திரி போயிருந்தார். மாலை இன்னும் விழவில்லை. கிரேன் அதைக் கட்-அவுட்டின் தலைவரை கொண்டுபோய்விட்டு, தலைப்பாகையின் முனையில் சிக்கவைத்திருந்தது. ஒரு பக்கம் அவிழ்ந்து, சாமந்தி பெரியவரின் முகத்தை மொத்தமாக மூடிக்கொண்டு தொங்கியது. கீழே செயலாளர் இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தார். கிரேன் டிரைவர் பின்னால் வந்தார், நின்றார், முன்னால் போனார். கூட்டம் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னது.

"பெரியவருக்கு மூச்சு முட்டிடப் போவுது" என்றார் மாமா. பிறகு அவருக்குப் பொறுக்கவில்லை. "யோவ், இப்படியா ரிவர்ஸ் எடுப்பான்? பின்னாடி ஒரு ஆளு நிக்க வேணாமா? முன்னாடி நின்னுகினு கைய ஆட்டினா அவனுக்கு இன்னா தெரியும்?"

"நீங்க படுங்க" என்றாள் அக்கா.

அவர் படுக்கவில்லை. போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, இரண்டு விரலை உதட்டில் வைத்து, டிப்போவிலிருந்து பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது கொடுப்பாரே, அந்த விசிலை நீளமாகக் கொடுத்தார். வார்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். நர்ஸ் வாசலில் வந்து நின்று, யார் என்று தேடினாள்.

"வரட்டும், வரட்டும்" என்றார் மாமா, கிரேனைப் பார்த்து. "இன்னும் இடம் இருக்குது. வா."